பத்து வெள்ளியில் ஒரு தோட்டம்

விமானம் ஓடுபாதையில் இறங்கும் நொடியைக் கவனித்திருக்கிறீர்களா? சக்கரம் தரையில் பட்டதும் ஒரு கீச்சொலி, கொஞ்சம் புகை. அதுவரை சுற்றாமல் தொங்கிக்கொண்டிருந்த சக்கரம், மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தை ஒரு கணத்தில் ஏற்றுக்கொள்கிறது. அந்தச் சூட்டையும் இழுவையையும் தாங்குவதற்காக விமான டயரில் பெரும்பகுதி இயற்கை ரப்பரையே சேர்க்கிறார்கள். பெட்ரோலியத்திலிருந்து செய்யும் செயற்கை ரப்பரால் அந்த இடத்தை முழுதாகப் பிடிக்க முடியவில்லை. நம் எல்லாருடைய பயணமும் இன்றைக்கும் ஒரு மரத்தின் பாலை நம்பித்தான் இருக்கிறது.

நான் பொறியியல் முதுகலை படித்தவன். கல்லூரியில் ரப்பர் என்பது இழுத்தால் எவ்வளவு நீளும் என்று காட்டும் ஒரு வளைகோடு மட்டுமே. அதை மரத்திலிருந்து யார் எடுத்தார்கள் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பாடம் இருந்தது. நான் பிறந்து வளர்ந்தது மெல்பர்னில். என் அப்பாவைப் பெற்ற பாட்டி மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பால்மரம் வெட்டியவர்.

ரப்பர் தொழிலுக்கு நெருக்கடி வராத பத்தாண்டு இல்லை. ஒவ்வொரு முறையும் யாரோ சிலர் கூடிப் பேசி, ஒப்பந்தம் போட்டு, ஒத்துழைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

22 நாற்றுகள்

ரப்பர் மரத்தின் தாய்வீடு தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. முளைத்த நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று அந்த ஊரில் இன்னும் நிற்கிறது.

முதலில் யாருக்கும் இந்த மரத்தில் ஆர்வம் இல்லை. தோட்டக்காரர்களுக்குக் காப்பிதான் பெரிது. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, பார்ப்பவர்களிடமெல்லாம் ரப்பர் விதையைக் கொடுத்து நடச் சொல்லிக்கொண்டே இருந்தார். 'பைத்தியக்கார ரிட்லி' என்றே அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை உலகத்துக்குச் சொன்னவர் அவர்தான். பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவ வேண்டும், அதன் உள்ளே இருக்கும் வளரும் அடுக்கைத் தொடக்கூடாது. அப்படிச் செய்தால் பட்டை மறுபடி வளரும், மரம் 25, 30 ஆண்டுகள் பால் தரும். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீன வணிகர் மலாயாவின் முதல் ரப்பர் தோட்டத்தைத் தொடங்கினார். அதற்குள் காற்று நிரப்பிய டயர் வந்துவிட்டது. மோட்டார் வண்டியும் வந்தது. கேலி செய்தவர்களே காப்பியைப் பிடுங்கிவிட்டு ரப்பர் நட்டார்கள்.

விடியுமுன் தொடங்கும் வேலை

மரம் பிரேசிலிலிருந்து, முதலீடு லண்டனிலிருந்து. வேலை செய்யும் கைகள்? சேலம், திருச்சி, தஞ்சாவூர், ஆற்காடு மாவட்டங்களிலிருந்து. முதலில் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். 1910இல் அந்த முறை நிறுத்தப்பட்டபின், கங்காணி முறை முழுவீச்சில் நடந்தது. தோட்டத்துத் துரை ஒரு கங்காணியை அவருடைய சொந்த ஊருக்கே அனுப்புவார். கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் கப்பலேற்றி வருவார். அவர் அழைத்து வந்தவர்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் 'தலைக்காசு' கிடைக்கும். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இப்படித்தான் ஆட்கள் வந்தார்கள்.

பாட்டி சொல்லக் கேட்ட வேலைநாள் இது. விடியுமுன் எழுந்து பிரட்டுக்குப் போக வேண்டும். பிரட்டு என்றால் எல்லாரும் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் இடம். பிறகு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தன் நிரைக்குப் போவது. ஒருவருக்கு நானூறு, ஐந்நூறு மரங்கள். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். ஒவ்வொரு மரத்திலும் நேற்றைய வெட்டின்மேல் காய்ந்திருக்கும் கோட்டுப்பாலை உரித்து எடுத்து, சுமார் ஒரு மில்லிமீட்டர் பட்டையைச் சீவி, மங்கைச் சரியாக வைத்துவிட்டு அடுத்த மரம். எல்லாம் முடிந்ததும் திரும்ப முதல் மரத்திலிருந்து பாலைச் சேகரித்து, வாளிகளில் சுமந்து ஸ்டோருக்கு. அங்கே கிராணி நிறுத்துக் கணக்கெழுதுவார். அமிலம் விட்டுப் பாலை உறைய வைப்பதும், உருளையில் தகடாக்குவதும், புகைக்கூடத்தில் தொங்கவிடுவதும் அதற்குப் பிறகு.

மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. மெல்பர்னில் மழை பெய்யும்போதெல்லாம் பாட்டி வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அப்போது காரணம் புரியவில்லை.

விலை விழுந்தபோது கூடியவர்கள்

ரப்பர் மரத்துக்கு ஒரு விசித்திரச் சிக்கல் உண்டு. நட்டால் பால் கொடுக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். விலை ஏறியிருக்கும்போது எல்லாரும் நடுவார்கள். அத்தனை மரமும் ஒரே நேரத்தில் பால் கொடுக்கத் தொடங்கும்போது விலை விழுந்திருக்கும். நான் செய்யும் மென்பொருள் வேலையில் இதைத் தாமதமான பின்னூட்டம் என்போம். தாமதம் நீள நீள, ஊசலாட்டமும் பெரிதாகும்.

முதல் உலகப் போருக்குப் பின் விலை சரிந்தது. 1922இல் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்தது. மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதியைக் குறைத்தால் விலை ஏறும் என்பது கணக்கு. விலை ஏறவும் செய்தது. ஆனால் பக்கத்திலிருந்த டச்சு கிழக்கிந்தியா, அதாவது இன்றைய இந்தோனேசியா, இந்தக் கூட்டில் சேரவில்லை. அங்கே சிறு விவசாயிகள் மேலும் மேலும் ரப்பர் நட்டார்கள். அமெரிக்க நிறுவனங்கள் லைபீரியாவிலும் பிரேசிலிலும் சொந்தத் தோட்டம் தேடிப் போயின. 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. பாதிப் பேர் மட்டும் ஒத்துழைத்தால் மீதிப் பேருக்குத்தான் லாபம் என்பதை உலகம் அப்போது பார்த்தது.

அடுத்து வந்தது 1930களின் பெருமந்தம். 1932இல் ஒரு பவுண்டு ரப்பர் சில பென்ஸ்களுக்கு விற்றது. இந்த முறை பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ், சயாம் ஆகியவை 1934இல் சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம், எவ்வளவு புதிதாக நடலாம் என்று பங்கு பிரித்துக்கொண்டன. விலை நிமிர்ந்தது.

இந்த இரண்டு கூட்டங்களிலும் யார் உட்கார்ந்திருந்தார்கள்? அரசுகளும் தோட்ட முதலாளிகளும். பால் வெட்டியவர் ஒருவர்கூட இல்லை. மந்த ஆண்டுகளில் தோட்டங்கள் முதலில் குறைத்தது கூலியைத்தான். அதோடு, லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் மலாயாவிலிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஏற்றுமதியைக் குறைப்பதுபோல ஆட்களையும் குறைத்தார்கள். விலை ஏறியதும் மறுபடி கப்பல் வந்தது.

சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம்

தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னின்றவர் ஆர்.எச். நாதன். கோரிக்கைகளைப் படித்தால் அன்றைய வாழ்க்கை அப்படியே தெரியும். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி வேண்டும். கள்ளுக்கடைகளை மூடு. இன்னொன்றும் இருந்தது: துரையும் கிராணியும் எதிரே வந்தால் நாங்கள் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து.

கூலி கேட்டவர்கள் மரியாதையையும் சேர்த்துக் கேட்டார்கள். அரசு நாதனைப் பிடித்து நாடு கடத்தியது. படையை இறக்கியது. தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். சில மாதங்களில் ஜப்பானியர் வந்தார்கள். ரப்பருக்குச் சந்தை போயிற்று; தோட்டத்து ஆட்கள் பல்லாயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டார்கள். திரும்பி வராதவர்களின் கதை தனியாக எழுத வேண்டியது.

போருக்குப் பிறகு தோட்டந்தோறும் சிறு சிறு சங்கங்கள் முளைத்தன. 1954இல் அவற்றில் பல இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. பி.பி. நாராயணன் அதன் பொதுச்செயலாளர். இனிமேல் கூலியைப் பற்றிப் பேசும் மேசையில் தொழிலாளர் பக்கத்துக்கும் ஒரு நாற்காலி இருந்தது.

துண்டாடல்

கூலியைப் பேசலாம். தோட்டமே இல்லாமல் போனால் யாரிடம் பேசுவது?

1957இல் மலாயா சுதந்திரம் பெற்றது. அதற்கு முன்னும் பின்னும் பல ஐரோப்பிய முதலாளிகள், புதிய அரசு என்ன செய்யுமோ என்ற பயத்தில் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் தோட்டம் நடத்துவதற்காக வாங்கவில்லை. ஆயிரம் ஏக்கரை வாங்கி, ஐந்தும் பத்துமாகத் துண்டு போட்டு விற்றால் கைமேல் லாபம். இதைத்தான் மலேசியத் தமிழர்கள் 'துண்டாடல்' என்றார்கள். பேராசிரியர் உங்கு அஜிஸ் தலைமையில் இதைப் பற்றி ஒரு பெரிய ஆய்வே நடந்து, 1962இல் வெளிவந்தது.

தோட்டம் என்பது வேலை செய்யும் இடம் மட்டும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். தண்ணீர்க் குழாய், மருந்தகம், பிள்ளைமடுவம், தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், சுடுகாடு, எல்லாம் தோட்டத்து நிலம். பத்து ஏக்கர் வாங்கியவருக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. அவருக்கு வேண்டியது இரண்டு வெட்டாட்கள். அதையும் குறைந்த கூலிக்குக் குத்தகையில் பிடித்துக்கொள்வார். மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பங்களுக்கு ஒரே நாளில் வேலை, வீடு, பள்ளி மூன்றும் போயின. பலருக்குக் குடியுரிமைப் பத்திரமும் கையில் இல்லை.

பத்து வெள்ளி

இந்த இடத்தில் வருகிறார் வீ. தி. சம்பந்தன். 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அவருடைய அப்பாவே ரப்பர் தோட்ட முதலாளி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். ம.இ.கா. கட்சியின் தலைவர், சுதந்திர மலாயாவின் அமைச்சர். விற்பவர் விற்கட்டும், வாங்குபவர்கள் நாமாக இருந்தால் என்ன என்று அவர் கேட்டார்.

கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். நாள்கூலிக்காரர்கள் தோட்டம் வாங்குவதா? அதற்கு விடை கூட்டுறவு. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டுப் பங்கு வாங்குங்கள் என்று பேசினார். அன்றைக்குப் பத்து வெள்ளி என்பது பல நாள் வேலை. பணத்தைப் போடுகிறவர்களுக்கு அது எங்கே போகும் என்று பார்க்கவும் வழியில்லை. முன்னே யாரும் இப்படிச் செய்து காட்டியதும் இல்லை. ஆனாலும் கொடுத்தார்கள்.

1961இல் சங்கம் தன் முதல் தோட்டத்தை வாங்கியது. கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம், சுமார் 3,000 ஏக்கர். முன்பணம் கட்டவே கையில் காசு போதாமல் சம்பந்தன் நண்பர் ஒருவரிடம் வாங்கிக் கட்டினார் என்று சொல்வார்கள். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டங்கள் சேர்ந்தன. கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் என்ற உயரமான கட்டடம் இருக்கிறது. அது இந்தச் சங்கத்தின் தலைமையகம். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் அண்ணாந்து பாருங்கள். அதன் அடித்தளத்தில் இருப்பது பால்வெட்டுக்காரர்களின் பத்து பத்து வெள்ளி.

இதை நான் ஒரு கணக்காகவும் பார்க்கிறேன். ஒரு தொழிலாளியின் பத்து வெள்ளி ஒரு மரத்தைக்கூட வாங்காது. ஆனால் வங்கிக்கு முன்னால் ஆயிரக்கணக்கான பேர் ஒரே பெயரில் போய் நின்றால் கடன் கிடைக்கும். கடனை வைத்து நிலம், நிலத்தின் பாலை வைத்துக் கடன் அடைப்பு. தனி ஆளாக ஏற முடியாத அந்த முதல் படிக்கட்டைத்தான் கூட்டுறவு கட்டிக்கொடுத்தது.

எட்டாத இடம்

ஆனால் இது முழு வெற்றிக் கதை என்று நான் சொல்ல மாட்டேன். சங்கம் காப்பாற்றிய தோட்டங்களைவிடத் துண்டான தோட்டங்கள் அதிகம். என் பாட்டி வேலை செய்த தோட்டமும் துண்டானது. அதை வாங்கக் கூட்டுறவு வரவில்லை. அப்பாவுக்கு அப்போது ஆறு வயது. பள்ளி மாறியது, ஊர் மாறியது, பாட்டி ஈப்போவில் வீட்டுவேலைக்குப் போனார். அந்தத் தோட்டத்துக் கோயில் இருந்த இடம் இப்போது எங்கே என்று எங்கள் குடும்பத்தில் யாராலும் காட்ட முடியாது.

சங்கம் வாங்கிய தோட்டங்களிலும் பங்குதாரர் விடியற்காலையில் பிரட்டில் நின்றுதான் ஆகவேண்டும். ஈவுத்தொகை வந்தது, ஆனால் வேலை அதே வேலை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். குடியுரிமைச் சிக்கலை ஒரு கூட்டுறவுச் சங்கத்தால் தீர்க்க முடியாது. பிறகு ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நடும் காலம் வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். அடுத்து வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. மறுபடியும் லயங்கள் காலியாயின.

அப்படியானால் பத்து வெள்ளி வீணா? இல்லை என்பதுதான் என் எண்ணம். 1922லும் 1934லும் ரப்பரைக் காப்பாற்றக் கூடியவர்கள், ரப்பரின் விலையைக் காப்பாற்றினார்கள். 1960இல் கூடியவர்கள் காப்பாற்ற நினைத்தது ரப்பரை நம்பி வாழ்ந்த மனிதர்களை. கூட்டத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுடைய கவலைதான் தீர்மானமாகிறது. தொழிலாளிகளே கூடியபோது முதல் தடவையாக வீடும் நிலமும் தீர்மானத்தில் ஏறின.

இன்றைய நிலை

இன்று உலகத்தின் இயற்கை ரப்பரில் மிகப் பெரும்பகுதியைத் தருபவர்கள் பெரிய தோட்டங்கள் இல்லை. சில ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். தாய்லாந்து முதலிடத்தில் இருக்கிறது. சிக்கல்கள் மட்டும் பழையவையே.

விலை ஊசலாட்டத்தை அடக்க 1979இல் ரப்பர் விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்தே ஓர் ஒப்பந்தம் செய்தன. விலை விழுந்தால் பொதுக் கிடங்கு ரப்பரை வாங்கும், ஏறினால் விற்கும். 5,50,000 டன் வரை வாங்கி வைக்கலாம். நல்ல யோசனை, கோலாலம்பூரிலிருந்து இருபது ஆண்டு அளவுக்கு நடந்தது. 1997இன் ஆசிய நிதி நெருக்கடியில் நாட்டு நாணயங்கள் சரிந்தபோது உறுப்பினர்களுக்குள் மனத்தாங்கல் வந்து, 1999இல் கலைந்தது. பிறகு தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மலேசியாவும் தமக்குள் ஒரு கூட்டு வைத்திருக்கின்றன.

இன்னொரு ஆபத்து மரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆசியாவின் ரப்பர் மரங்களில் பெரும்பாலானவை விக்கம் கொண்டுவந்த அந்தச் சில விதைகளின் வாரிசுகள். எல்லாம் நெருங்கிய உறவு. அமேசானில் ரப்பரைத் தோட்டமாக வளர்க்கவிடாமல் செய்யும் ஓர் இலைக்கருகல் நோய் உண்டு. ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் போட்ட பெரிய தோட்டத்தின் தோல்விக்கு அதுவும் ஒரு காரணம். அந்த நோய் இதுவரை ஆசியாவுக்குள் வேரூன்றவில்லை. வந்துவிட்டால் எல்லைக்கோடு பார்க்காது. எனவே ஆராய்ச்சி நிலையங்கள் நாடு பார்க்காமல் விதையும் தகவலும் பகிர்ந்துகொள்கின்றன. இந்த ஒத்துழைப்பு செய்தித்தாளில் வருவதில்லை, ஆனால் விமான டயர் அதை நம்பித்தான் இருக்கிறது.

உங்கள் குடும்பம் மலேசியாவிலிருந்து வந்திருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தத் தோட்டம்? அது துண்டானதா, நிலைத்ததா? இலங்கையின் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கும் இதே போன்ற கேள்விகள் உண்டு. சொல்லும் ஊர்ப்பெயரை எழுதி வையுங்கள். பல தோட்டங்களின் பெயர் இன்றைய வரைபடத்தில் இல்லை. அங்கே வாழ்ந்தவர்களின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.